பினாங்கில் பூனை ஹோட்டல் தொடங்கி நடத்துவது எப்படி: முதல் கணக்கில் இருந்து பெருநாள் கூட்டம் வரை

ஜெலுத்தோங்கில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில், பத்துக் கூண்டும் ஒரு குளியல் தொட்டியுமாகப் பூனை ஹோட்டல் நடத்துகிறேன். "பூனைக்கு ஹோட்டலா? நல்லா இருக்கு போ" என்று என் அத்தை இன்னும் சிரிப்பார். சிரிக்கட்டும். மாதத்துக்கு இரண்டு பேராவது "அக்கா, நானும் இதைத் தொடங்கலாம்னு இருக்கேன், எங்க ஆரம்பிக்கணும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை முக்கியம். கேட்பவர்களில் பாதிப் பேர் கூண்டு வாங்கி, பெயர்ப்பலகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் கணக்குப் போட உட்காருகிறார்கள்.

படி 1: நாயா, பூனையா?

சிறிய இடத்தில் இரண்டையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். பக்கத்தில் நாய் குரைத்தால் பல பூனைகள் தட்டைத் தொடாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இங்கே பூனை வளர்ப்பவர்களில் முஸ்லிம்களான மலாய்க்காரர்கள் நிறையப் பேர். நாயைக் குளிப்பாட்டிய தொட்டியில் தங்கள் பூனையைக் குளிப்பாட்ட அவர்களுக்கு மனம் வராது. அதை முகத்துக்கு நேராகச் சொல்லவும் மாட்டார்கள், சத்தமில்லாமல் வராமல் இருந்துவிடுவார்கள். நான் கடை திறந்த முதல் வாரத்தில் வாசலில் நின்றபடியே ஒரு பெண், "கக், சினி அடா அன்ஜிங் தாக்?" என்று கேட்டார். அக்கா, இங்கே நாய் உண்டா என்று. "தாக் அடா, கூச்சிங் சாஜா" என்றேன். பூனை மட்டும்தான் என்று கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இன்று அவருடைய அக்கா, தங்கை, அலுவலகத் தோழி என நாலு வீட்டுப் பூனைகள் என்னிடம் வருகின்றன.

இதோடு ஒட்டிய சின்ன விஷயங்களும் உண்டு. பிரஷ் வாங்கும்போது அது பன்றி முடியில் செய்ததா என்று பாருங்கள். தின்பண்டப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். "என்ன ஷாம்பு, என்ன பிரஷ்?" என்று கேட்டால் பாட்டிலை எடுத்துக் காட்டும்படி இருக்க வேண்டும்.

நாய்தான் வேண்டும் என்றால் அது தனித் தொழில். தரைவீடு, ஓட இடம், குரைப்பைப் பொறுக்கும் அக்கம்பக்கம் எல்லாம் வேண்டும். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதையும், தெருநாய்களைக் கொன்றதற்கு எழுந்த எதிர்ப்பையும் இங்கே யாரும் மறக்கவில்லை. தடுப்பூசி அட்டையும் மாநகர் மன்றத்தின் நாய் லைசென்சும் இல்லாத நாயை உள்ளே விடாதீர்கள். மற்றபடி நான் பூனைக்காரி. இனி எழுதுவதெல்லாம் பூனைக் கணக்குதான்.

படி 2: ஒரு தாளில் கணக்கு

என் கடையின் கணக்கையே தருகிறேன். உங்கள் எண்கள் மாறும், போடும் முறை மாறாது.

மாதச் செலவு: வாடகை 1,300 வெள்ளி (ரிங்கிட்). கரண்டும் தண்ணீரும் 450, ஏர்கோன் இரவும் பகலும் ஓடுகிறது. இணையமும் போனும் 130. பகுதிநேர உதவிக்கு வரும் பெண்ணுக்கு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எல்லாம் சேர்த்து 850. உடைந்தது, தேய்ந்தது, மறந்தது என்று 130. ஆக 2,860.

ஒரு கூண்டுக்கு ஒரு இரவு 25 வெள்ளி வாங்குகிறேன். மணல், துடைப்பான், சலவை என்று அதில் 3 வெள்ளி போனால் கையில் நிற்பது 22. 2,860-ஐ 22-ஆல் வகுத்தால் 130. மாதத்தில் 130 கூண்டு-இரவுகள் நிரம்பினால்தான் கடைக்கு நட்டமில்லை. பத்துக் கூண்டு, முப்பது நாள் என்றால் மொத்தம் 300. நூற்றுக்கு 43 நிரம்ப வேண்டும். முடியாத காரியமில்லை.

ஆனால் இதில் என் சம்பளம் இல்லை. எனக்கு 2,000 வேண்டும் என்றால் 221 இரவுகள், அதாவது நூற்றுக்கு 74. பண்டிகையோ பள்ளி விடுமுறையோ இல்லாத மாதத்தில் அந்த அளவை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். டிசம்பரில் கடை நிரம்பியதைப் பார்த்துவிட்டு வேலையை விடுகிறார்கள், பிப்ரவரியில் நகையை அடகு வைக்கிறார்கள்.

எனக்குக் கைகொடுத்தது குளியல். ஒரு பூனைக்கு 60 வாங்குகிறேன், செலவு போக 50 நிற்கும். வாரத்துக்குப் பத்துப் பூனை வந்தால் மாதம் 2,000. கூண்டு வாடகையைக் கட்டும், குளியல்தான் என் சம்பளம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது. கூண்டுக்காக மட்டும் விளம்பரம் செய்துகொண்டிருந்த அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

உதவிக்கு ஆள் வைக்கும்போது 2025-இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டதை மறக்காதீர்கள். மணிக்கணக்கில் 8.17 வெள்ளி. "தெரிந்த பிள்ளைதானே" என்று குறைத்துக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 3: காகித வேலை

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள உங்கள் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப்பெயர் வைத்தால் 60. ஐந்து ஆண்டு வரை சேர்த்துக் கட்டலாம். அதன் இஸிபிஸ் இணையத்தளத்தில் வீட்டில் இருந்தபடியே முடித்துவிடலாம்.

அடுத்தது கடை லைசென்ஸ். தீவில் என்றால் பினாங்கு தீவு மாநகர் மன்றம். பெருநிலத்தில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரியில் விலங்குத் தொழிலுக்கு அனுமதி கிடைக்குமா என்று கவுண்டரில் கேளுங்கள். வீட்டு உரிமையாளர் "எல்லாம் ஓகேம்மா" என்பார். அவர் ஓகே என்றால் போதுமா? பெயர்ப்பலகைக்குத் தனி அனுமதி. அதில் மலாய் எழுத்துதான் முதன்மையாகத் தெரிய வேண்டும். தமிழும் வைக்கலாம், சிறிதாக.

மூன்றாவது, விலங்கு நலச் சட்டம் 2015. சட்டம் 772 என்பார்கள். 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி விலங்குகளை வைத்துத் தொழில் செய்யக் கால்நடை சேவைத் துறையின் லைசென்ஸ் தேவைப்படும். நீங்கள் செய்யப்போவது தங்கவைப்பதா, விற்பதா, இனப்பெருக்கமா என்று சொல்லி, எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுமைக்கான தண்டனை 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பூனை உங்கள் கூண்டில் இருக்கும் நேரத்தில் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான்.

பிளாட், கொண்டோவில் வீட்டிலேயே நடத்தலாமா? வேண்டாம். அடுக்குமாடி விதிகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் விலங்கை அகற்றச் சொல்லி நிர்வாகம் நோட்டீஸ் கொடுக்கலாம். பெருநாள் நேரத்தில் எட்டுப் பூனையோடு அந்த நோட்டீஸ் வந்தால் எங்கே போவீர்கள்?

பணத்துக்கு, இந்தியர்களான நம்மவர்களுக்கென்றே, சிறுதொழிலுக்குக் கடன் தரும் தெக்கூன் என்ற அரசு நிறுவனத்தின் ஸ்புமி திட்டம் உண்டு. பெண்களுக்கு, சிறுகடன் தரும் அமானா இக்தியார் நிறுவனத்தின் "பெண்" திட்டம் இருக்கிறது. இரண்டுக்குமே எஸ்எஸ்எம் பதிவும் ஒழுங்கான கணக்கும் இருந்தால் பேச்சு சுலபம். அதனால் முதல் நாளிலேயே தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வருமான வரிக்கு பி பாரம் (படிவம்), ஜூன் 30-க்குள்.

படி 4: இரண்டாவது கதவு

கடை திறந்த மூன்றாம் மாதம். சாம்பல் நிறப் பூனை ஒன்று, பெயர் மிலோ. கூண்டைச் சுத்தம் செய்ய அதை வெளியே எடுத்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் கதவைத் திறந்தார். என் கையைக் கீறி, அவர் காலுக்கு நடுவே புகுந்து, கடை முன் ஐந்தடி நடையைத் தாண்டி, மிலோ பின்சந்துச் சாக்கடைக்குள் போய்விட்டது.

அதன் சொந்தக்காரர் லங்காவியில் இருந்தார். பத்து நிமிடத்தில் அவருக்குப் போன் செய்தேன். "கிடைத்த பிறகு சொல்லிக்கலாம்" என்று மனம் சொல்லத்தான் செய்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பையில என் பழைய டி-சட்டை இருக்கு, அதை வெளியே வையுங்க" என்றார். கூடையின் கதவைத் திறந்து, உள்ளே அந்தச் சட்டையை விரித்து, பின்சந்தில் வைத்துவிட்டு இரண்டு இரவு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு, சாக்கடை வாடையோடு தானாக வந்து சட்டை மேல் சுருண்டு படுத்தது. அடுத்த வாரமே 480 வெள்ளிக்குக் கம்பிவலை போட்ட இரண்டாவது கதவு வைத்தேன். இப்போது முன்கதவு சாத்தினால்தான் உள்கதவைத் திறப்போம். கூண்டு வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கூண்டுகளை ஒன்றையொன்று பார்க்கும்படி எதிரெதிரே வைக்காதீர்கள். முறைத்துக்கொண்டே நாளைக் கழிக்கும். ஒவ்வொன்றிலும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். மணல்தட்டும் சாப்பாட்டுத் தட்டும் இரண்டு மூலையில் இருக்கட்டும். வீட்டில் இருந்து துவைக்காத துணி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மிலோ கற்றுக் கொடுத்தது அது.

சுத்தம் என்றால் வாசனை என்று நினைக்காதீர்கள். பூனைகளுக்கு வரும் பான்லியூகோபீனியா வைரஸ் தரையிலும் கூண்டிலும் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். சாதாரணத் தரைத் திரவங்கள் பலவற்றுக்கு அது மசியாது. முதலில் சோப்பால் கழுவி அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு குளோரோக்ஸ் போன்ற பிளீச்சை ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லி, பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசிக் காயவைக்க வேண்டும். அன்றன்றைக்குக் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் பீனால் வகைத் திரவங்களைப் பூனை இருக்கும் இடத்தில் வைக்கவே வேண்டாம். காலில் ஒட்டியதை நக்கும், பூனையின் ஈரலால் அதைத் தாங்க முடியாது. தடுப்பூசி போடாத குட்டியை யார் கெஞ்சினாலும் எடுக்காததற்கும் இந்த வைரஸ்தான் காரணம்.

படி 5: பாரம்

ஒரு பக்கம் போதும். மலாயிலும் ஆங்கிலத்திலும் அடித்து வையுங்கள். பெயர், வயது, தடுப்பூசித் தேதி எல்லாம் யாரும் கேட்பதுதான். நான் கூடக் கேட்பவை வேறு. என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு? கடிக்குமா? உண்மையைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று பாரத்திலேயே எழுதியிருக்கிறேன். உடம்புக்கு முடியாமல் போய் உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் எந்தக் கிளினிக், எவ்வளவு வெள்ளி வரை செலவு செய்யலாம்? இந்த ஊரில் உங்களுக்கு வேண்டிய இன்னொருவரின் எண் என்ன?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பூனையை விட்டுவிட்டுத் திரும்பி வராதவர்கள் உண்டு. என்னிடம் ஒருவர் ஐந்து நாள் என்று சொல்லிவிட்டுப் போய், போனை அடைத்துவிட்டார். பாரத்தில் இருந்த அவருடைய அண்ணன் எண்தான் காப்பாற்றியது. அண்ணன் வந்து, தலையைக் குனிந்தபடி பணத்தைக் கட்டி, பூனையை வாங்கிப் போனார்.

படி 6: தினமும் எழுதுங்கள்

ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்குகிறது. சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, சிறுநீர் போனதா, மலம் எப்படி. காலை, மாலை இரண்டு வேளையும் டிக். சலிப்பான வேலைதான். ஆனால் ஆண் பூனை மணல்தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் மணல் நனையவில்லை என்றால், அது மலச்சிக்கல் அல்ல, சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அட்டை இல்லாவிட்டால் காலையில் பார்த்ததும் மாலையில் உதவிப்பெண் பார்த்ததும் ஒன்றுசேராது. அதேபோல் முழுதாக ஒரு நாள் எதையும் தொடவில்லை என்றால் வீட்டுக்குச் சொல்லுங்கள், இரண்டாம் நாளும் அப்படியே என்றால் மருத்துவரிடம் தூக்குங்கள். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படியும்.

மாலை ஆறு மணிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பதினைந்து விநாடி வீடியோ. அழகாக இருக்க வேண்டியதில்லை. பூனை சாப்பிடும் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இதில் ஒரு எச்சரிக்கை. பூனை தங்கியிருக்கும் நாட்களில் அந்தப் படத்தை வீட்டுக்காரர் பெயரோடு முகநூலில் போடாதீர்கள். "இவர்கள் வீட்டில் யாரும் இல்லை" என்று ஊருக்கே அறிவிப்பது போல. அவர்கள் திரும்பி வந்த பிறகு, அனுமதி கேட்டுப் போடுங்கள்.

படி 7: குளியல்

குளிப்பாட்டக் கற்றுக்கொண்டு இறங்குங்கள், வாடிக்கையாளர் பூனையில் பழகாதீர்கள். நான் ஒரு குரூமிங் கடையில் நாலு மாதம் சம்பளமில்லாமல் நின்றேன்.

தொட்டியில் போடும் முன் மூக்கு, காது, பாதம் மூன்றையும் பாருங்கள். ஆறாத புண் இருந்தால் தொடாதீர்கள். பூனைகளிடமிருந்து கீறல் வழியாக மனிதருக்குத் தொற்றும் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய் மலேசியாவில் உண்டு. குணமாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அதுவும் தொற்றும், முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். உண்ணி மருந்து ஏதாவது போட்டார்களா என்று கேளுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வரும், சாகவும் சாகும். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். மூக்கு சப்பையான பெர்ஷியன் பூனையை டிரையர் பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். மூச்சு முட்டிவிடும். யார் கேட்டாலும் மயக்க மருந்து மட்டும் கொடுக்கக் கூடாது, அது மருத்துவர் வேலை.

படி 8: ஆள் வர வைப்பது

முதல் மாதத்தில் 300 வெள்ளிக்கு வண்ணத் தாள் அடித்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விநியோகித்தேன். அதைப் பார்த்து வந்தவர் ஒருவர். அவரும் தாளின் பின்பக்கம் எழுதிய நாசி லெமாக் ஆர்டரைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தார்.

வேலை செய்தது கூகுள் மேப். கடையைப் பதிந்து, உள்ளே இருக்கும் உண்மையான படங்களைப் போடுங்கள்: கூண்டு, தொட்டி, இரண்டாவது கதவு, மணல் மூட்டை. மக்கள் தேடுவது "ஹோட்டல் கூச்சிங்" (பூனை ஹோட்டல்), "மண்டி கூச்சிங்" (பூனைக் குளியல்) என்றுதான். விவரத்தில் அந்த மலாய்ச் சொற்கள் இருக்க வேண்டும். பெருநாள் நேரம் திறந்திருக்கும் மணியை முன்கூட்டியே மாற்றுங்கள். மூடியிருக்கிறது என்று காட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

விமர்சனம் கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. பூனையைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்காதீர்கள். அவர்கள் கையில் கூடை, காரில் பிள்ளைகள், தலையில் பயணக் களைப்பு. மறுநாள் மாலை, "மிலோ நேத்து நல்லா தூங்குச்சா?" என்று ஒரு செய்தி போடுங்கள். சோபாவில் படுத்திருக்கும் படம் வரும். அப்போது இணைப்பை அனுப்புங்கள். மோசமான விமர்சனம் வந்தால் ஒரே ஒரு பதில், சண்டை இல்லாமல், என்ன நடந்தது என்று.

எவ்வளவு தூரத்தில் இருந்து வருவார்கள் என்பதையும் யோசியுங்கள். பெருநிலத்தில் இருந்து பாலம் ஏறி வர காருக்கு 5.74 வெள்ளி டோல், வெள்ளிக்கிழமை மாலை என்றால் நெரிசல் வேறு. அதனால் முகநூல் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தால் வட்டத்தைக் கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் சுருக்குங்கள். எனக்கு வருபவர்கள் குளுகோரில் உள்ள அறிவியல் பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், சுற்றியிருக்கும் தாமான் (குடியிருப்பு) குடும்பங்கள். மாணவர்கள் செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மூன்று வாரம் விட்டுச் செல்வார்கள். ஆகவே பல்கலைக்கழக நாட்காட்டி என் சுவரில் தொங்குகிறது. ஜோர்ஜ் டவுன் சுவர்களில் 2013-இல் தெருவிலங்குகளுக்காக வரைந்த பூனை ஓவியங்களின் முன் சுற்றுப்பயணிகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்து, கடைச் சுவரில் ஓவியம் வரைய நானும் ஆசைப்பட்டேன். சுற்றுப்பயணி பூனையோடு வருவதில்லை என்று என் தம்பிதான் நினைவூட்டினான்.

கால்நடை கிளினிக்குகளுக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கமிஷன் பேசாதீர்கள். சந்தேகமான பூனைகளை ஒழுங்காக அவர்களிடம் அனுப்புங்கள், அவர்களே உங்கள் எண்ணைக் கொடுப்பார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பூனை பெயரையும் சேர்த்துச் சேமியுங்கள்: "ஐனா – ஓரேன் – கடிக்கும்" என்பது போல. லேபிள் போட்டுப் பிரித்து வையுங்கள். மொத்தமாக அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். பாரம் எழுதும்போதே "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிப் பண்ண வையுங்கள்.

படி 9: "எவ்வளவு?" என்று கேட்டால்

நாளுக்கு ஐந்து செய்தியாவது இந்த ஒரு சொல்லோடு வரும். முன்பெல்லாம் "25" என்று பதில் போடுவேன், அவ்வளவுதான், உரையாடல் முடிந்துவிடும். இப்போது இப்படி எழுதுகிறேன்: "ஒரு இரவு 25 வெள்ளி, மணலும் தினசரி வீடியோவும் இதிலேயே அடங்கும். உங்கள் பூனை பெயர் என்ன? எந்தத் தேதி?" பூனையின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தவர் பாதி வந்துவிட்டார்.

"அங்க 18தான் வாங்குறாங்க" என்பார்கள். "சரிங்க, அங்கே இடம் இல்லாட்டி சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் இரண்டாவது பூனைக்குக் குறையுங்கள், ஒரே வீட்டுப் பூனைகள் ஒரே பெரிய கூண்டில் இருக்கும். தெருப்பூனைகளுக்குச் சோறு போடும் ஆண்ட்டிகள் அடிபட்ட ஒன்றைக் கொண்டுவந்து கண்கலங்குவார்கள். நானும் கலங்கியவள்தான். மாதத்துக்கு ஒரு குளியல் இலவசம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்றால் கிளினிக், அல்லது ஜெலுத்தோங் ஜெட்டி சாலையில் இருக்கும் எஸ்பிசிஏ விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்.

படி 10: பெருநாள்

நோன்புப் பெருநாள்தான் பெரிய கூட்டம், பாலிக் கம்போங் (சொந்த ஊருக்கு) போகிறவர்கள். ஒவ்வொரு ஆண்டும் அது பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். போன வருடத் தேதியை நம்பி உட்காராதீர்கள். அடுத்து சீனப் பெருநாள், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வருவது நம் தமிழ்க் குடும்பங்கள். வீடு நிறைய உறவினர், பட்டாசு, கட்டிலுக்கடியில் நடுங்கும் பூனை. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பே கொண்டுவந்துவிடச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் லிட்டில் இந்தியாவில் இருந்து தண்ணீர்மலைக்கு ரதம் புறப்பட்டால் அந்தப் பக்கத்துச் சாலைகளில் கார் நகராது.

பெருநாளுக்கு ஆறு வாரம் முன்பு பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் செய்தி, ஒரு வாரம் கழித்துத்தான் வெளியில் அறிவிப்பு. பாதிப் பணம் முன்பணம், டூயிட்நவ் கியூஆரில் (போனில் ஸ்கேன் செய்து கட்டுவது). பணம் வந்தால்தான் கூண்டில் பெயர் ஒட்டுவேன். "கண்டிப்பா வரேன் கக்" என்பதற்குக் கூண்டு கிடையாது. ஒரு வருடம் மூன்று பேர் கடைசி நாளில் வரவில்லை, அதே கூண்டுகளுக்கு ஏழு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். குறைந்தது மூன்று இரவு, இரவுக்கு 5 வெள்ளி கூடுதல். யாரும் முகம் சுளித்ததில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுவதால். பத்துக் கூண்டில் ஒன்பதை மட்டும் நிரப்புங்கள். ஒன்று வயிற்றுப்போக்கு வந்த பூனைக்கு வேண்டும், அது கட்டாயம் வரும்.

கூட்டம் கலைந்த மறுநாள் கடையை மூடி, கூண்டுகளை எல்லாம் பின்சந்தில் இழுத்துப் போட்டு பிளீச் அடிப்போம். அன்று மாலையே அந்த ஒன்பது வீட்டின் பெயரையும் நாட்காட்டியில் மூன்று வாரம் தள்ளி எழுதிவிடுவேன், குளியலுக்குக் கூப்பிட.